சுவாமி காவுவோரின் கால்

தவில் பழகுகிற பிள்ளைகளுக்கு எல்லாம் மூன்றாம் காலத்தில்தான் கண். விரலில் கூடு ஏறினதும் ஓடவேண்டும். வட்டக்கச்சியில் கோயில் திருவிழா மேளச்சமாவை முன்மணலில் குந்தியிருந்து கேட்ட பிள்ளைக்கு வேறென்ன ஆசை வரும்? இரண்டு தவிலும் மாறிமாறி முழங்கச் சனம் கைதட்டியது வேகத்துக்குத்தானே.

அதே திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு வரும் நேரத்தைக் கவனியுங்கள். மல்லாரி எழும்பும், பெரும்பாலும் கம்பீரநாட்டையில். அதைத் திரிகாலம் செய்வார்கள்: தாளம் அசையாமல் நிற்க, அதே உருப்படி முதலாம் காலத்தில், பிறகு இரட்டித்து, பிறகு அதற்கும் இரட்டித்து. கணக்கு, தவிற்காரருக்கு எப்போதோ பாடம். ஆனால் பக்கத்தில் ஆட்கள் சுவாமியைத் தோளில் காவிக்கொண்டு நிற்கிறார்கள். காலடியில் புதையும் மணல். அந்த முதலாம் காலத்தைப் பிடித்துத்தான் சுவாமியை ஆட்டி ஆட்டி அடியெடுத்து வைப்பார்கள். தவில் கொஞ்சம் முந்தினாலும் அவர்களுடைய நடை குலையும். கைபேசியில் மெட்ரோனோம் இருக்கிறது, கெட்டதில்லை. ஆனால் அது சுவாமி காவாது.

வேகத்தில் பிசகு ஒளிந்துகொள்ளும். ஆறுதலாக அடிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தனியே நின்று தன் வண்டவாளத்தைக் காட்டிவிடும். இடக்கைக் கழி தொப்பியில் ஒருதரம் ஓரமாகவும் ஒருதரம் நடுவாகவும் விழுந்தால் நாதம் இரண்டாகும். 'எனக்கு ரசனை இருக்கு, சாதகம் எதுக்கு' என்கிறவர்களும் இங்கேதான் அகப்படுவார்கள். ரசித்ததைக் கொண்டுவந்து தோலில் வைக்கக் கை வேண்டுமே.

ஆகவே இன்றைக்கு அரை மணித்தியாலம் முதலாம் காலம் மட்டும். முதலில் தவிலைத் தொடாமல், கையால் தாளம் போட்டு, சொற்கட்டை வாயால் சொல்லுங்கள். வாயில் நிற்காதது கையில் நிற்காது.

பிறகு தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போடுங்கள். நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்துக்கு வாசித்த கை அது. வேகத்தைப் பற்றி ஊரே பேசும். இன்றைக்குத் தனி ஆவர்த்தனத்தைத் தள்ளிவிட்டு, நாதஸ்வரத்தோடு போகும் இடங்களை மட்டும் கேளுங்கள். எங்கெங்கே அடிக்காமல் விட்டார் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு, நாளைக்கு வகுப்பில் வாத்தியாரிடம் ஏன் என்று கேளுங்கள்.