போதுமென்ற மனமும் போதாத சம்பளமும்

மனிதனுக்கு அல்லாஹ் வழங்கும் பாக்கியங்களுள் மனநிறைவு தலையாயது. செல்வம் என்பது பொருள்களின் பெருக்கத்தில் இல்லை, உள்ளத்தின் நிறைவில்தான் இருக்கிறது என்று நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் நமக்குக் கற்பித்துச் சென்றார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. இந்த நிறைவைத்தான் நாம் ‘கனாஅத்’ என்கிறோம். ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி பேசப்படும் தலைப்புகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மாதச் சம்பளம் வாங்கும் சகோதரர் ஒருவர், “வாடகை கொடுத்தது போக மீதியில் மாதத்தை ஓட்ட முடியவில்லை” என்று நம்மிடம் சொல்லும்போது, அவருக்குக் கனாஅத்தைப் போதிப்பது மார்க்கமாகுமா? அல்லது நம்மீதுள்ள ஒரு கடமையை அவர் தலையிலேயே இறக்கி வைப்பதாகுமா? இதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ராயபுரத்திலோ புதுப்பேட்டையிலோ வசிக்கும் ஒரு குடும்பம். கணவர் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நோயுற்ற தாயார். ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டுக்கு வாடகை 9,000. மின்சாரமும் தண்ணீரும் 1,200. எரிவாயு 900. மளிகை, பால், காய்கறி 7,000. பிள்ளைகளின் படிப்புச் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 3,000. போக்குவரத்து 1,000. தாயாரின் மருந்துக்கு 1,500. கைப்பேசிக்கு 500. கூட்டிப் பாருங்கள்: 24,100 ரூபாய். மாதந்தோறும் 2,100 ரூபாய் துண்டு விழுகிறது.

தமிழக ரேஷன் கடைகளில் 2011 முதல் இலவசமாகக் கிடைத்து வரும் அரிசியையும் கழித்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறோம். இதில் பெருநாள் துணி இல்லை. உறவினர் வீட்டு நிக்காஹ் இல்லை. திடீரென்று வரும் காய்ச்சலும் இல்லை. ஆண்டுக்கு 25,200 ரூபாய் பற்றாக்குறை என்றால், அது ஒரு மாதச் சம்பளத்தையும் மிஞ்சிவிடுகிறது. பன்னிரண்டு மாதம் வாழ்வதற்கு அவர் பதின்மூன்று மாதத்துக்கும் மேல் உழைக்க வேண்டும். அல்லாஹ்வோ ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்களைத்தான் ஏற்படுத்தியிருக்கிறான்!

இந்தக் கணக்கில் ஊதாரித்தனம் எங்கே இருக்கிறது? “வரவுக்குள் செலவு செய்” என்று இவருக்கு உபதேசம் செய்ய முன்வருபவர், இவற்றுள் எதை வெட்டச் சொல்வார்? தாயாரின் மருந்தையா? பிள்ளைகளின் பாலையா?

இவர் ஏழைதானா?

நம் மஹல்லாக்களில் ‘ஏழை’ என்றதும் பள்ளிவாசல் வாயிலில் கையேந்தி நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார். இஸ்திரி போட்ட சட்டையுடன் காலையில் வேலைக்குப் போகிறவரை நாம் ஏழையாகக் கருதுவதில்லை. திருமறையோ நம் கண்களை வேறு பக்கம் திருப்புகிறது. ஸூரத்துல் பகராவின் 273ஆம் வசனம் ஒரு வகை ஏழைகளைக் குறிப்பிடுகிறது. அவர்கள் தன்மானத்தால் எவரிடமும் வற்புறுத்திக் கேட்க மாட்டார்கள். அதனால் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிவிடுவார். வீடு வீடாகச் சுற்றி ஓரிரு கவளம் பெறுபவர் உண்மையான மிஸ்கீன் அல்லர், தேவைக்குப் போதியதின்றியும் கேளாமலும் பிறரால் கண்டுகொள்ளப்படாமலும் இருப்பவரே மிஸ்கீன் என்ற விளக்கத்தை நபி (ஸல்) அவர்களும் அருளியிருக்கிறார்கள்.

ஃபிக்ஹுக் கலை வல்லுநர்கள் இதை இன்னும் தெளிவாக வரையறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, தேவையை நிறைவேற்றும் அளவுக்குப் பொருளோ சம்பாத்தியமோ அறவே இல்லாதவர் ஃபகீர். தேவையில் ஒரு பங்கு கிடைத்தும் முழுமைக்கும் போதாதவர் மிஸ்கீன். பத்து தேவைப்படும் இடத்தில் ஏழோ எட்டோ கிடைப்பவர் என்று கிதாபுகளில் உதாரணம் காட்டுவார்கள். மிஸ்கீனிடமும் ஓரளவு பொருள் இருக்கலாம் என்பதற்கு ஸூரத்துல் கஹ்ஃபின் 79ஆம் வசனத்தை ஆதாரமாகக் கொள்வார்கள். கடலில் உழைத்து வந்த அந்த மிஸ்கீன்களுக்குச் சொந்தமாக ஒரு மரக்கலமே இருந்ததல்லவா? அப்படியானால் 24,100 தேவைப்படும் இடத்தில் 22,000 சம்பாதிக்கும் நம் கணக்கர், ஷாஃபிஈ சட்டப்படி மிஸ்கீனே ஆவார்.

ஹனஃபி மத்ஹபில் அளவுகோல் வேறு. வீடு, உடை, தட்டுமுட்டுச் சாமான், தொழிற்கருவி போன்ற அவசியத் தேவைகளும் கடனும் போக, நிஸாப் அளவுக்குப் பொருள் மிஞ்சாதவர், உடல் வலிமையுடன் உழைத்துச் சம்பாதிப்பவராக இருந்தாலும் ஜகாத் பெறத் தகுதியுடையவரே. வெள்ளியில் நிஸாப் என்பது சுமார் 612 கிராமின் மதிப்பு. மாதக் கடைசியில் பையில் ஒன்றும் மிஞ்சாதவருக்கு நிஸாப் எங்கிருந்து வரும்? மனைவியின் கழுத்தில் கிடக்கும் நகையைக் காட்டி, கணவரைச் செல்வந்தராக்கிவிடவும் முடியாது. அந்த நகை மனைவியின் உடைமை.

ஆக, வழிகள் வெவ்வேறானாலும் இரண்டு மத்ஹபுகளும் ஒரே வாசலுக்குத்தான் நம்மைக் கொண்டு சேர்க்கின்றன. நாம் “அவருக்கென்ன, சம்பளக்காரர்!” என்று கடந்து போகிறோமே, அவருக்கு ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் பங்கு ஒதுக்கிக் காத்திருக்கிறது.

கனாஅத்தும் கிஃபாயத்தும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கனாஅத் ஒருவர் தம் உள்ளத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய பாடம். பிறருடைய விஷயத்தில் மார்க்கம் நம்மிடம் எதிர்பார்ப்பது ‘கிஃபாயத்’. அதாவது, அவருடைய தேவைக்குப் போதுமானது அவருக்குக் கிடைக்கச் செய்தல். நமக்கு வரும்போது கிஃபாயத்தையும் அடுத்தவருக்கு வரும்போது கனாஅத்தையும் பேசினால் தராசு தலைகீழாகிவிடும்.

நபி (ஸல்) அவர்கள் குஃப்ரிலிருந்து பாதுகாப்புத் தேடிய அதே துஆவில் வறுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். தொழுகையில் கடன் சுமையிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். இவ்வளவு அதிகமாகக் கடனுக்கு அஞ்சுவது ஏன் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேச்சில் பொய்யனாகவும் வாக்கை மீறுபவனாகவும் ஆகிவிடுகிறான் என்று காரணமும் கூறினார்கள். வாடகை பாக்கியுள்ள வீட்டில் வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது, “அத்தா வீட்டில் இல்லை என்று சொல்” எனப் பிள்ளையைப் பொய் பேச வைக்கும் நிலை வருகிறதே, அங்கே குறைவது பணம் மட்டுமா? பற்றாக்குறை ஒரு நல்ல மனிதரின் குணத்தையே அரித்துவிடுகிறது. ஆகவேதான் இது வெறும் பொருளாதாரப் பிரச்சினை அன்று, மார்க்கப் பிரச்சினை என்கிறோம்.

வீட்டு உரிமையாளர்களுக்கு

வாடகை ஹலாலான வருமானம். கணவரை இழந்த எத்தனையோ தாய்மார்கள் ஒரு சிறு வீட்டின் வாடகையைக் கொண்டே காலம் கழிக்கிறார்கள். எனவே வாடகை வாங்குவதையே குற்றமாகப் பேசுவது நீதியன்று. ஆனால் ஹலாலான வருமானத்துக்குள்ளும் ஹராம் நுழைய வாசல்கள் உண்டு.

முதலாவது, அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் வெகுகாலமாக வழக்கத்தில் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமான உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. 9,000 ரூபாய் வாடகைக்கு 90,000 ரூபாய் அட்வான்ஸ் என்றால் நம் கணக்கர் எங்கே போவார்? மனைவியின் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குத்தான் போவார். வட்டியின் வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியதில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா?

இரண்டாவது, ‘லீசு’ அல்லது ஒத்தி. வாடகைத் தொல்லையிலிருந்து தப்பிக்க, சிலர் பல இலட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுகிறார்கள். கொடுத்த பணம் கடன். அதற்கு ஈடாக அனுபவிக்கும் குடியிருப்பு, கடனால் வந்த ஆதாயம். கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாக ஆதாயம் சேர்க்கும் எந்தக் கடனும் வட்டியே என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. எனவேதான் உலமாக்கள் இதைத் தடுக்கிறார்கள்.

மூன்றாவது, கழிவுகள். வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிக்கவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர் அந்த வீட்டுக்கு அமீன், அதாவது நம்பிக்கைக்குரிய காவலர். அவர் வேண்டுமென்றே சேதம் செய்தாலன்றி, நியாயமான புழக்கத்தால் சுவர் மங்கியதற்கு அவர்மீது பொறுப்பில்லை. முன்கூட்டியே பேசி முடிக்காமல் பிடிக்கும் பணம் எந்த வகையில் நமக்கு ஹலாலாகும்?

நான்காவது, மின்சாரம். 2016 முதல் தமிழக அரசு வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது. குடியிருப்பவர் உபயோகிக்கும் இணைப்புக்குக் கிடைக்கும் அந்தச் சலுகையை மறைத்து, முதல் யூனிட்டிலிருந்தே தாம் வைத்த விலையில் வசூலிப்பவர்களும் இருக்கிறார்கள். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு உண்டென ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீன் எச்சரிப்பது, தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டுமா?

சம்பளம் கொடுப்போருக்கு

ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றபின், துணிகளைச் சுமந்துகொண்டு வியாபாரத்துக்குக் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். குடும்பத்துக்கு உணவளிக்க வேண்டுமே! வழியில் கண்ட ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும் ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்களும் அவர்களைத் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து ஊதியம் ஏற்பாடு செய்தார்கள். எந்த அளவு? முஹாஜிர்களுள் நடுத்தரமான ஒருவருக்குரிய உணவு. மிக உயர்ந்ததுமில்லை, மிகத் தாழ்ந்ததுமில்லை. அத்துடன் கோடைக்கும் குளிருக்கும் உடை. இஸ்லாத்தின் முதல் கலீஃபா வாங்கியது ஒரு சராசரிச் சம்பளம். ஆனால் அந்தச் சராசரியில் ஒரு குடும்பம் வாழ முடிந்தது! “இவர் எவ்வளவுக்குச் சம்மதிப்பார்?” என்று அந்தத் தோழர்கள் பேரம் பேசவில்லை. “இவர் குடும்பத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?” என்றே யோசித்தார்கள்.

பொதுப்பணியில் அமர்த்தப்படுபவருக்கு மனைவி இல்லையெனில் மணமுடித்துக்கொள்ளவும், குடியிருப்பு இல்லையெனில் குடியிருப்பைப் பெற்றுக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை அபூதாவூது கிரந்தம் அறிவிக்கிறது. ஊதியம் என்ற சொல்லுக்குள்ளேயே வீடும் அடங்கிவிடுவதை இங்கே காண்கிறோம். அதற்கு மேல் எடுப்பது மோசடி என்றும் அதே ஹதீஸ் எச்சரிக்கிறது. நம் கடைச் சிப்பந்திகளுக்கும், மதரஸா உஸ்தாதுகளுக்கும், ஐவேளையும் நம்மைத் தொழுகைக்கு அழைக்கும் முஅத்தினுக்கும் நாம் நிர்ணயித்திருக்கும் தொகையை இந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து பார்ப்போமா?

குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும்

சம்பளக்காரருக்கும் கடமை இல்லாமல் இல்லை. வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் இடைப்பட்ட வழியே ரஹ்மானின் அடியார்களின் வழி என ஸூரத்துல் ஃபுர்கான் கூறுகிறது. தவணையில் வாங்கும் விலையுயர்ந்த கைப்பேசி, புகை, ஊர் மெச்ச நடத்தும் விருந்து இவற்றால் துண்டு விழுமானால், அவர் முதலில் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். கையிலிருப்பதைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். கனாஅத்துக்கு உரிய இடம் இதுதான். அங்கே அது அருமருந்து. இவ்வளவும் செய்தபின்னும் போதவில்லையென்றால், அதில் அவருக்கு எந்த வெட்கமும் தேவையில்லை. தமக்குரிய பங்கைப் பெறுவது பிச்சையன்று.

கொடுப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ‘இது ஜகாத்’ என்று பெறுபவரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிய்யத் உள்ளத்தில் இருந்தால் போதும். ஆகவே அவருடைய வாடகை பாக்கிக்கான தொகையை ஒரு உறையில் வைத்து, பெருநாள் அன்பளிப்பைப் போலக் கையில் கொடுத்துவிடலாம். அவருடைய மானமும் காக்கப்படும், நம் கடமையும் நிறைவேறும். பைத்துல்மால் உள்ள ஜமாஅத்துகள், வாடகை அட்வான்ஸுக்கென்றே வட்டியில்லாக் கடனுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால், எத்தனையோ சகோதரிகளின் நகைகள் அடகுக் கடைக்குப் போகாமல் தப்பும்.

ரமளானில் ஜகாத் பட்டியல் எழுத உட்காரும்போது, வழக்கமாக வாசலுக்கு வருபவர்களின் பெயர்களை எழுதி முடித்த கையோடு பேனாவை மூடிவிடாதீர்கள். நம் தெருவில், நம் ஸஃப்பில், நம் தோளோடு தோள் சேர்த்துத் தொழுபவர்களுள், ஒருபோதும் வாசலுக்கு வராதவர் எவர் என்று சற்றே யோசியுங்கள். திருமறை சுட்டிக்காட்டிய அந்த மனிதர் அவராகவே இருக்கக்கூடும்.

வல்ல அல்லாஹ் நமக்குக் கனாஅத்துள்ள உள்ளத்தையும், பிறருக்குக் கிஃபாயத் செய்யும் கரத்தையும் தந்தருள்வானாக! கடனின் இழிவிலிருந்தும் வட்டியின் தீமையிலிருந்தும் நம் குடும்பங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.