பொன்னும் பித்தளையும்

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் மாலை, ஒருகல் மண்டபத்தைப் படம் எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தண்ணீர் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வந்தார். என் மேசைமேல் கிடந்த பழைய கறுப்புக் கேமராவைக் கண்டதும் அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். கைகளைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். மேல்தட்டில் பொறித்திருந்த எண்ணை இருமுறை படித்தார். "ஃபாதர், இதை யாராவது ஐயாயிரம், பத்தாயிரத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இது சில லட்சம் போகும்" என்றார். அவரும் இத்தகைய கேமராக்களைச் சேகரிப்பவரே. வாய் திறவாமல் அவரே ஐயாயிரத்திற்குக் கேட்டிருக்கலாம். நானும் மகிழ்ந்து கொடுத்திருப்பேன்.

அவர் சென்றபின் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உறக்கமும் வரவில்லை. காரணம், அந்தக் கேமராவை நான் வாங்கிய கதை.

1998-ஆம் ஆண்டு. நான் இளங்குருவாக இப்பகுதியில் உதவிப் பங்குப்பணி ஆற்றிவந்தேன். வேதகிரி மலையில் நண்பகலில் கழுகுகளுக்கு உணவளிக்கும் காட்சியைக் காண வருவோரைப் படம் பிடித்துப் பிழைத்த ஒருவர் இவ்வூரில் இருந்தார். அக்கழுகுகளின் வருகை தொண்ணூறுகளின் இறுதியில் நின்றுபோயிற்று. அவரும் ஏறத்தாழ அதே காலத்தில் காலமானார். அவர் மனைவி, மகளின் பள்ளிச் செலவுக்காக அவருடைய கேமராவை விற்க வந்தார். எழுபதுகளில் மாமல்லபுரத்திற்கு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் கைச்செலவுக்குப் பணமின்றி விற்றுப்போன பொருள் அது. செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதற்கு மீட்டரும் இல்லை, லென்ஸ் வழியாகப் பார்க்கவும் முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். "ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க சாமி, போதும்" என்றார் அந்த அம்மா. நான் இரண்டாயிரம் கொடுத்தேன். கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு அன்றிரவு உறங்கினேன். இப்போது உறக்கம் கெட்டதற்கு அந்த நிறைவும் ஒரு காரணம்.

அது ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் செய்த லைகா எம்4. 1967-இல் வெளிவந்த மாதிரி. இவ்வகைக் கேமராவை ரேஞ்ச்ஃபைண்டர் என்பர். நெற்றியில் இரு சாளரங்கள் உண்டு. ஒன்றன் வழியாக நாம் காட்சியைக் காண்கிறோம். மற்றொன்றின் வழியாக வரும் அதே காட்சி, அரைகுறையாக ஒளி விடும் ஆடியின் துணையால் நடுவில் ஒரு சிறு கட்டத்தில் நிழல்போல் விழுகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த நிழலுருவம் நகரும். இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணத்தில் தொலைவு சரியாகிவிட்டது என்று பொருள். படம் எடுக்கும் நொடியில் ஆடி மேலெழுந்து கண்ணை மறைப்பதில்லை. துணித்திரை நகரும் மெல்லிய ஓசை தவிர வேறு ஓசையில்லை. அடக்கச் சடங்குகளிலும் திருப்பலியிலும் எவரும் திரும்பிப் பாராமல் நான் படம் எடுத்தது இதனால்தான். குறைகளும் உண்டு. முகத்தருகே கொண்டுபோய் எடுக்க முடியாது. நெடுந்தொலைவுக் காட்சிக்கும் உதவாது. லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் உலகம் தெளிவாகவே தெரியும். அப்படி ஒரு திருமணத்தை முழுதும் இழந்திருக்கிறேன்.

இதில் கறுப்பு நிறத்தின் பங்கு என்ன? பொறியைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. அதே சக்கரம், அதே திரை, அதே கண்ணாடி. தொடக்கத்தில் லைகாக்கள் எல்லாமே கறுப்புதான். பளபளக்கும் குரோமியப் பூச்சு 1933-இல்தான் புதுமையாக வந்தது. பின்னர் குரோமியமே வழக்கமாயிற்று. 1954-இல் வந்த எம்3 பெரும்பாலும் அப்படியே விற்றது. ஒளிபட்டு மின்னி மக்களின் கண்ணை இழுக்கிறது என்று பத்திரிகைப் படக்காரர்கள் கறுப்பைக் கேட்டார்கள்; அவர்களுக்காகச் சிறு அளவில் செய்தார்கள். கார்த்தியே-பிரேசோன் தம் கேமராவின் பளபளப்பைக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தாராம். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாள்களையும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படம் எடுத்தவர் அவர். தன்னை மறைத்துக்கொள்வதற்காகப் பூசிய நிறம் அது. அதுவே இன்று ஏலக்கூடத்தில் எல்லாக் கண்களையும் இழுக்கிறது! கொரியப் போரைப் படம் எடுத்த அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்கென்று செய்த கறுப்பு எம்3டி ஒன்று, 2012-இல் வியன்னாவில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத அதன் மூதாதை ஒன்று, ஆஸ்கர் பார்னாக் தாமே கையாண்டது, 2022-இல் 144 லட்சம் யூரோ பெற்றது.

இன்னுமொரு விந்தை. கறுப்புப் பூச்சுக்கு அடியில் இருப்பது பித்தளை. விரல் படும் விளிம்புகளிலும் வார் உராயும் காதுகளிலும் கறுப்பு தேய்ந்து பித்தளை மஞ்சளாக வெளிப்படும். வேறு எந்தப் பொருளிலும் தேய்மானம் விலையைக் குறைக்கும். இங்கே, உழைத்துத் தேய்ந்த அந்த மஞ்சளைச் சேகரிப்போர் நாடுகிறார்கள். ஆகவே போலியும் வந்துவிட்டது. குரோமியத்தைச் சுரண்டிக் கறுப்புப் பூசி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து முதுமை ஏற்றுகிறார்கள். கார்க்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களின் தொழிற்கூடத்தில் 1934 முதல் லைகாவைப் பார்த்துச் செய்த ஃபெட் கேமராக்களும் லைகா என்ற பெயர் ஏறிச் சந்தைக்கு வருகின்றன. அப்பிள்ளைகள் செய்த பொருளிலிருந்து அவர்கள் பெயரைச் சுரண்டி எடுப்பதுதான் இவற்றுள் எனக்கு மிகுந்த அருவருப்பைத் தருவது. 2015-இல் லைகா நிறுவனமே பாடகர் லென்னி கிராவிட்ஸின் பெயரோடு, கையால் தேய்த்துப் பழமை ஊட்டிய புதுக் கேமராக்களை 125 தொகுதிகளாக வெளியிட்டது. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, சொல்லித்தான் விற்றார்கள். எனினும், போரையே காணாதவன் விழுப்புண்ணை விலைக்கு வாங்கியதுபோல் எனக்குத் தோன்றியது.

என் வழக்குக்கு வருகிறேன். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது புனித தோமா அக்குவினாஸின் ஒரு கேள்வி எங்களுக்கு நகைப்பாக இருந்தது. தன்னிடம் இருப்பது பித்தளை என்று எண்ணி ஒருவன் பொன்னை விற்கிறான்; வாங்குபவன் அது பொன் என்று அறிவான். அவன் செய்தது நேர்மையா? அநீதி என்கிறார் தோமா. ஈடு செய்யவும் கடமைப்பட்டவன் என்கிறார். பொன்னுக்கும் பித்தளைக்கும் வேறுபாடு தெரியாதவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று வகுப்பில் கேட்டவன் நான்தான். விற்பவன் அறியாமல் குறையுள்ள பொருளை விற்றால் பாவமில்லை, ஆனால் குறை தெரிய வந்ததும் ஈடு செய்ய வேண்டும் என்றும் அவர் சேர்க்கிறார். புனித அகுஸ்தினார் தாம் அறிந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறார்: அவரிடம் ஒரு நூல் விலைக்கு வந்தது, விற்றவர் அதன் மதிப்பறியாமல் சிறு தொகை கேட்டார், இவரோ உரிய விலையைக் கொடுத்தார். எனக்கு உண்மையைச் சொல்லிச் சென்ற இளைஞர் அந்த மனிதரின் உறவினர்.

நான் அறிந்து வாங்கவில்லை. ஆகவே பாவமில்லை. ஈடு? இங்கேதான் என் மனம் வழக்கறிஞர் ஆயிற்று. நியாய விலை என்பது ஊரார் பொதுவாக மதிக்கும் விலை என்று மறைநூல் அறிஞர்கள் கற்பித்தார்கள். 1998-இல் செங்கல்பட்டுச் சந்தை அதை ஒன்றுக்கும் உதவாதது என்றது. நான் அதற்கும் மேல் கொடுத்தேன். இடைப்பட்ட ஆண்டுகளில் உயர்ந்த விலை என் கையில் இருந்தபோது உயர்ந்தது. நிலம் வாங்கியவன் பின்னாளில் விலை ஏறியதற்காகப் பழைய உரிமையாளரைத் தேடிப் போகிறானா? திருப்போரூர்ச் சாலையில் அப்படி யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மறைத்துவிட்டு நிலத்தை வாங்கினானே, ஆண்டவர் அவனைக் கடிந்தாரா? உவமையை இப்படி வளைக்கத் தொடங்கியபோதுதான் என் வழக்கறிஞர்மீது எனக்கே ஐயம் வந்தது.

உண்மை என்னவெனில், டோக்கியோவிலும் வியன்னாவிலும் அக்காலத்திலேயே அதற்கு நல்ல விலை இருந்தது. அது இவ்வூர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவே. சந்தை என்பது எதுவரை? அந்த அம்மாவின் கால் நடந்து போகக்கூடிய தொலைவு வரையிலா? அறிவு எட்டாத இடத்தில் ஊரார் மதிப்பு என்பதும் ஊரார் அறியாமைதான். ஏழை விற்பதெல்லாம் பெரும்பாலும் அத்தகைய விலையில்தான் போகிறது. கேமராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருவிழாக் கடனுக்கு விற்ற குத்துவிளக்கும், பரணிலிருந்து இறங்கிய தேக்குப் பெட்டியும் இவ்வாறே சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் கூடங்களில் நிற்கின்றன.

பிறகு, அந்த மஞ்சள். இளைஞர் சுட்டிக்காட்டிய தேய்மானத்தை விளக்கடியில் பார்த்தேன். வலப்புறம் திரையிழுக்கும் நெம்புகோல், வார் மாட்டும் காது, அடித்தட்டின் விளிம்பு. பாதி என் விரல்கள் தேய்த்தது. பாதி, நாள்தோறும் அந்த மலைப்படிகளை ஏறிய மனிதரின் விரல்கள் தேய்த்தது. எது யாருடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஒருகல் மண்டபத்துச் சுவரில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைக் கீறிச் சென்றார்கள். அவற்றையாவது இன்றும் படிக்கலாம். இவர் பெயர் எதிலும் இல்லை. ஏலக்காரர்கள் விலை வைப்பது இவருடைய கைத்தேய்வுக்கும்தான்.

அந்த அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் இவ்வூரிலேயே தையல் தொழில் செய்கிறார். பாஸ்காவுக்குப் பிந்திய வாரத்தில் கேமராவோடு சென்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணீரை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "எவ்வளவு கிடைக்கும் ஃபாதர்?" என்று கேட்டார். சொன்னேன். மகனின் கல்லூரிக் கட்டணத்தை வாய்க்குள் கணக்கிட்டார். பிறகு, "உங்களுக்கு எவ்வளவு?" என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வழி முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தேன். "அன்று கொடுத்த இரண்டாயிரமும், இரண்டு முறை பழுது பார்த்த செலவும்" என்று வாயிலிருந்து வந்தது. அவர் அளவெடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த இளைஞர் வரும் வாரம் வந்து, தக்க இடத்தில் விற்றுத் தர எடுத்துச் செல்கிறார். உள்ளே ஒரு சுருள் இருக்கிறது. பதினொரு படங்கள் எஞ்சியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்து முடிக்க வேண்டும்.