பிறநாட்டு உபாத்தியாயரின் தர்மம்

கடல் கடந்து வந்த உபாத்தியாயர் ஒருவர், தம் தாய்மொழியைச் சிறிதும் அறியாத சிறுவர்கள் முன் நின்று அதைப் போதிக்கையில், தம்முடைய சமய விசுவாசத்தை வகுப்பின் வாயிற்படியிலேயே விட்டுவர வேண்டுமா, அன்றி அதையும் உடன் கொண்டுவர அவருக்கு உரிமையுண்டா என்னும் வினா, பாலாற்றங்கரை மக்களாகிய எங்களுக்கு வெறும் ஏட்டு விசாரமன்று. மிஷனரிகளாகிய ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்த காலந்தொட்டு, வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், பிற்காலத்தில் லூத்தரன் சபையார் ஆம்பூரில் நடத்திய கன்கார்டியா பள்ளியிலும், எங்கள் முன்னோர் ஆங்கிலத்தையும் வேதாகமத்தையும் ஒரே கூரையின் கீழ் கேட்டவர்கள்.

கணக்கைப் போதிப்பவர் சொன்னதைக் குழந்தை தன் விரல்களை மடக்கியே சரிபார்த்துக்கொள்ளலாம். புதிய பாஷையைப் போதிப்பவர் சொல்வதையோ, பொருள் விளங்குமுன்பே, அவரிடம் வைத்த நம்பிக்கை ஒன்றினாலேயே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகத்து வாக்கியமும் காலைப் பிரார்த்தனையும் குழந்தையின் நாவுக்கு ஒன்றே. விவேகம் விழித்தெழாத அவ்விடத்தில் அந்நியர் ஒருவர் பிரவேசிக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்குப் பயபக்தியே உண்டாகிறது.

ஜப்பான் தேசத்தில், 1987 முதல், பிறநாட்டு இளைஞர்கள் அரசாங்கப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியருக்குத் துணையாக நின்று ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். மதபோதனைக்கு அப்பள்ளிகளில் இடமில்லை. அமைதியான ஏற்பாடு, அதை நான் மதிக்கிறேன். வாணியம்பாடித் தோல் வணிகர்கள் 1919இல் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பொருள் வழங்கி, ஆங்கிலக் கல்வியைத் தம் மக்களுக்குத் தம் மார்க்கத்தின் நிழலிலேயே அளித்ததும், பிறர்மீது கொண்ட பகையால் அன்று, தந்தையர்க்கு இயல்பான கவலையினால்தான் என்று கருதுகிறேன்.

ஆயினும் மௌனம் மட்டுமே ஆசானின் தர்மம் என்பதை என் மனம் ஏற்கவில்லை. திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் பள்ளியில் பயின்று, 1900 முதல் 1904 வரை ஊரீஸ் கல்லூரியில் கற்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஹிந்து தர்மத்தின்மீது கிறிஸ்தவ விமரிசகர்கள் சாற்றிய குறைகளே தம்மைச் சொந்த சாஸ்திரங்களை ஆராயத் தூண்டின என்று பின்னர் எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்திற்கென்று எழுதி 1908இல் வெளியிட்ட ஆய்வுரையில் விடை பகர்ந்தார். அங்கு அவருடைய ஆசிரியரான ஏ. ஜி. ஹாக், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி. தம் சமயத்தாரின் கூற்றை மறுத்த அந்த உரையை மனமுவந்து பாராட்டினார். தாம் நம்புவதை ஒளிக்காமலும், மறுமொழிக்கு வழியடைக்காமலும் இருந்த அந்தப் பெருந்தன்மையைத்தான் நான் ஆசான் தர்மம் என்பேன்.

ஆனால் மறுமொழி எழுதியபோது அம்மாணவருக்கு வயது இருபது. வேலூருக்கு வந்தபோதோ பன்னிரண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆய்வுரை எழுதாது. ஆகையால் அதற்குரிய மறுமொழியின் இடத்தை ஆசிரியரே காத்து வைத்திருக்க வேண்டும். 'எங்கள் வீட்டில் இப்படிக் கும்பிடுவதில்லை' என்பதை ஒரு சிறுவன் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினால், அவன் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்து, அவ்வாக்கியத்தின் இலக்கணத்தை மட்டுமே திருத்த வேண்டும்.