ஜோடியாகவே கேளுங்கள்

ஓசூர் சிப்காட் ஆலை வாசல்களில், காவலாளி போடும் சோற்றை நம்பி இரண்டு நாய்கள் ஒட்டிக்கொண்டே திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றுக்குக் கண் தெரியாவிட்டால்?

இங்கிலாந்தில் கிரேட் டேன் இன நாய் லில்லிக்கு, இமைமுடி உள்நோக்கி வளர்ந்ததால் இரு கண்களையும் அகற்றினார்கள். தோழி மேடிசன்தான் வழிகாட்டி. 2011-இல் 'டாக்ஸ் டிரஸ்ட்' காப்பகம் இரண்டுக்கும் சேர்த்தே வீடு தேடியது, கிடைத்தது. ஒன்று போதுமே என்பது நம் சிக்கனம், நாயின் கணக்கு வேறு.

பார்வையில்லாத நாய்க்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். துணை நாயின் கழுத்தில் சின்ன மணி. கட்டிலும் தண்ணீர்க் கிண்ணமும் இடம் மாறக்கூடாது. மிச்சத்தை மூக்கும் காதும் பார்த்துக்கொள்ளும்.

ஓசூரிலோ, எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலோ அப்படியொரு ஜோடி கண்ணில் பட்டால், பிரித்து ஒன்றை மட்டும் வளர்க்கக் கேட்காதீர்கள்.