யார் கொடுத்த நிலம்?

மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனி 1629இல் தனக்கென்று ஒரு முத்திரை செய்துகொண்டது. அதில் அமெரிக்கப் பூர்வகுடி ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் வில், மறு கையில் அம்பு, இடுப்பில் இலைகள். வாயிலிருந்து ஒரு நாடா நீள்கிறது. வந்து எங்களுக்கு உதவுங்கள் என்று அவர் வேண்டுவதாக அதில் எழுதியிருக்கிறது. பவுலின் தரிசனத்தில் மக்கெதோனியன் ஒருவன் வைத்த வேண்டுகோள் அது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள் இலண்டனுக்கு அப்படி ஆள் அனுப்பவில்லை. குடியேற்றம் நடந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1646இல்தான் ஜான் எலியட் அங்கே அவர்களுடைய மொழியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார்.

நான் பாளையங்கோட்டைக்காரன். தாத்தா உபதேசியார். அவர் படித்த வேதாகமமும் ஏறிய பிரசங்க பீடமும் வெள்ளைக்காரர் வழியாக எங்களுக்கு வந்தவை. ஆகவே அந்த முத்திரை எழுப்பும் கேள்வி என் கேள்வியும்தான்: அந்த மனிதர்கள் மெய்யாகவே விசுவாசித்தார்களா, இல்லை, விசுவாசம் வெறும் சாக்கா?

எல்லாம் காசுக்கும் நிலத்துக்கும்தான் என்பார் சிலர். 1607இல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனை அமைத்த கம்பெனியைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அரசர் கொடுத்த பட்டயம் கிறிஸ்தவத்தைப் பரப்புவது பற்றிப் பேசியது. பங்குதாரர்கள் எதிர்பார்த்தது தங்கம், கடைசியில் கிடைத்தது புகையிலை. 1620இல் மேஃபிளவரில் வந்த 102 பேரில்கூட ஏறக்குறையப் பாதிப்பேர் மதத்துக்காகக் கப்பல் ஏறியவர்கள் அல்லர். இலண்டன் வணிகர்களிடம் பட்ட கடனுக்கு, அந்தக் கப்பலில் வந்து குடியேறிய பிளிமத் சபையார் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பீவர் தோல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் அந்தச் சபையாரின் பக்தியைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மனச்சாட்சிக்காகப் பிறந்த ஊரை விட்டு ஹாலந்துக்கு ஓடி, லைடனில் கூலி வேலை பார்த்து, பிறகு கடல் கடந்து, வந்தவர்களில் பாதிப்பேரை முதல் குளிர்காலத்திலேயே புதைத்தவர்கள் அவர்கள். 1630இல் ஆர்பெல்லா கப்பலில் வந்த மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ரப்பும் அப்படியே. அவருடைய நாட்குறிப்பைப் படிப்பவர்கள் அவரை வேஷக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். அரசியலும் அவரைத் துரத்தியது. 1629 மார்ச் 4இல் மாசசூசெட்ஸ் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்தது. மார்ச் 10இல் முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்களுக்கு இங்கிலாந்தில் இனி இடமில்லை என்று தெரிந்துபோனது. கம்பெனிக் கூட்டம் எந்த ஊரில் நடக்கவேண்டும் என்று பட்டயத்தில் எழுதவில்லை. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு பட்டயத்தையும் நிர்வாகத்தையும் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

என்னைக் கலங்கவைப்பது அந்த உண்மையான பக்திதான். பூர்வகுடிகள் நிலத்துக்கு வேலி போடவில்லை, கால்நடை வளர்க்கவில்லை, ஆகவே அவர்களுக்குத் தேவையான அளவை விட்டு மீதியை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று வின்த்ரப் வாதிட்டார். பிறகு அம்மை வந்து அந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, கர்த்தரே நமக்கு நிலத்தின் உரிமையைத் தெளிவாக்கிவிட்டார் என்று எழுதினார். முழங்காலில் நின்று ஜெபிக்கிற ஒரு மனிதர் அடுத்தவன் வீட்டுச் சாவைத் தனக்குக் கிடைத்த ஆசீர்வாதமாகப் படித்தார். பேராசைக்காரனாக இருந்தால் இரவில் மனம் உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலையும் அவருடைய ஜெபமே ஆற்றிவிட்டது.

பக்தியின் இந்தக் குருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தவர் அவிசுவாசி அல்லர். அவர்களையும் மிஞ்சிய பியூரிட்டன். ரோஜர் வில்லியம்ஸ் 1631இல் பாஸ்டனுக்கு வந்தார். அங்கே கிடைத்த ஊழியத்தை, அந்தச் சபை இங்கிலாந்துச் சபையோடு உறவை முழுதாக அறுக்கவில்லை என்று சொல்லி மறுத்தார். பிறகு, அரசர் கொடுத்த பட்டயமே செல்லாது என்று ஒரு கட்டுரை எழுதினார். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் கிறிஸ்தவ அரசர் என்ற ஒரே உரிமையில் ஒருவர் எப்படித் தானம் செய்ய முடியும் என்று கேட்டார். வேலி பற்றிய வாதத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. பூர்வகுடிகள் காடு முழுவதும் வேட்டையாடுகிறார்கள், அதற்காகவே புதர்களை எரித்துச் சீர்செய்கிறார்கள். இங்கிலாந்துப் பிரபுக்கள் வேட்டைக்கென்று வைத்திருக்கும் காடு அவர்களுக்குச் சொந்தமென்றால், இது மட்டும் எப்படி ஆளில்லாத நிலமாகும்?

1635 அக்டோபரில் அவரை நாடுகடத்தத் தீர்ப்பானது. இங்கிலாந்துக்குக் கப்பலேற்றத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் 1636 ஜனவரியில் மாசசூசெட்ஸின் சேலம் ஊரிலிருந்து பனியில் நடந்து தப்பினார். நாரகான்செட் பூர்வகுடித் தலைவர்கள் கனோனிக்கஸும் மியான்டனோமியும் இடம் கொடுக்க, பிராவிடென்ஸ் ஊர் பிறந்தது. யூதருக்கும் துருக்கருக்கும் விக்கிரக ஆராதனைக்காரருக்கும்கூட மனச்சாட்சியின் சுதந்திரம் வேண்டும், வாளால் ஒருவரை ஜெபிக்கவைப்பது ஆத்துமாவைக் கெடுப்பது என்று அவர் 1644இல் எழுதிய நூலை இலண்டனில் எரித்தார்கள். மனச்சாட்சிக்காக ஓடிவந்த பாஸ்டன்காரர்கள் 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். மேரி டயர் அவர்களில் ஒருவர். வில்லியம்ஸுக்குக் குவேக்கர் போதனை சற்றும் பிடிக்காது. வயதான காலத்தில் அவர்களோடு நாள்கணக்கில் வாதாடியிருக்கிறார். ஆனாலும் அவருடைய ஊரில் அவர்கள் பயமின்றிக் கூடினார்கள்.

அவரையும் மகானாக்கிவிடக் கூடாது. 1637இல் பீக்கோட் பூர்வகுடிகளுக்கு எதிரான போரில் நாரகான்செட்டுகளை ஆங்கிலேயர் பக்கம் சேர்த்தவர் அவரே. அந்தப் போரில் மிஸ்டிக் கோட்டையைக் கொளுத்தி, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். 1676இல் பூர்வகுடிகளுடனான போரில் பிராவிடென்ஸ் எரிந்த பிறகு, சிறைபிடித்த பூர்வகுடிகளை அடிமை வேலைக்கு விற்ற ஏற்பாட்டிலும் அவருக்குப் பங்கு இருந்தது. பட்டயத்தின் பொய்யைக் கண்ட கண்ணும் தன் ஊர் எரிந்தபோது மூடிக்கொண்டது.

இதே ஆங்கிலேயர் சென்னையில் எப்படி நடந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானார். கோட்டைக்குள் ஆங்கிலேயருக்குத் தேவாலயம் இருந்தது. ஆனால் ஊராரை மதம் மாற்றப்போய் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்பதில் கிழக்கிந்தியக் கம்பெனி கவனமாக இருந்தது. அதன் ஆட்சிப் பகுதியில் ஊழியம் செய்ய இடம் கிடைக்காத வில்லியம் கேரி 1800இல் டேனியரின் செராம்பூரில் ஒதுங்கினார். 1813இல்தான் சட்டம் கதவைத் திறந்தது. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். நிலம் தேவைப்பட்ட கரையில் சுவிசேஷத்தை முத்திரையில் பொறித்தார்கள். மனிதரோடு வியாபாரம் தேவைப்பட்ட கரையில் அதைக் கோட்டைச் சுவருக்குள் வைத்தார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவர்கள்.

ஆகவே, நம்பிக்கை உண்மையா பொய்யா என்று கேட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. யாருடைய நிலம், யார் கொடுத்தது, கொடுத்தவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று வில்லியம்ஸ் கேட்டதே சரியான கேள்வி. சுவிசேஷத்தை விசுவாசிக்கிறவன் அதைக் கேட்க அஞ்சவேண்டியதில்லை. வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் அவர் கேட்டார்.

ஞாயிறு பள்ளியில் மேஃபிளவர் கதை சொல்லும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதையைப் பிளிமத்தின் அறுவடை விருந்தோடு முடித்துவிடாதீர்கள். பனியில் நடந்தவரைப் பற்றிச் சொல்லுங்கள், அவருக்கு இடம் கொடுத்த கனோனிக்கஸைப் பற்றிச் சொல்லுங்கள், 1676இல் நடந்த விற்பனையையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.