பீப்பாய்க்குள் கிடந்த சாவி: மெட்டல் ரசிகரின் சுவைத் தீர்ப்பு

புதிதாக வெளிவந்த ஓர் ஆல்பத்தைக் கேட்டு முடித்த ரசிகர் 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்வதற்கும் 'இது நன்றாக இல்லை' என்று சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் அழகியல் என்னும் மெய்யியல் துறை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறது. முதல் கூற்று சொல்பவரைப் பற்றியது. அதை எவரும் மறுக்க முடியாது, மறுக்கத் தேவையுமில்லை. இரண்டாவது கூற்று ஆல்பத்தைப் பற்றியது. கேட்பவரும் அதற்கு இசைந்தாக வேண்டும் என்ற உரிமைக்கோரல் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் ஆகிய இசைவகைகளின் ரசிகர்கள் முதல் கூற்றோடு நின்றுவிடுவது அரிது. மின்கித்தாரின் ஒலியைப் பெருக்கியின் தாங்குதிறனுக்கு மேல் ஏற்றி வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் 'டிஸ்டார்ஷன்' என்ற உத்தியின் மீதும், 'ரிஃப்' எனப்படும், மீண்டும் மீண்டும் வரும் குறுகிய கித்தார்த் தொடரின் மீதும் எழுப்பப்பட்ட இந்த இசை, வெளியே நின்று கேட்பவருக்கு ஒரே இரைச்சலாகப் படுவதுண்டு. உள்ளே இருப்பவர்களோ ஒரேயொரு டிரம்மின் ஒலிக்காக இருபது ஆண்டுகளாக வழக்காடி வருகிறார்கள். அந்த வழக்குகளில் சரி, தவறு என்று ஏதேனும் உண்டா, அல்லது எல்லாம் அவரவர் நாக்கின் விருப்பம்தானா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி.

இந்தக் கேள்விக்குரிய இரண்டு முக்கியமான ஆங்கில நூல்கள் 1757-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், அழகு வேறு, உன்னதம் வேறு என்று பிரித்தார். அளவுக்கு மீறியதும் அச்சுறுத்துவதுமான ஒன்றை, அதனால் நமக்குத் தீங்கு நேராது என்ற தொலைவில் நின்று எதிர்கொள்ளும்போது எழும் நடுக்கம் கலந்த களிப்பையே அவர் உன்னதம் என்றார். பேரருவி, புயல், இடி, பீரங்கி ஆகியவற்றின் பேரொலி அந்த உணர்வை எழுப்பப் போதுமானது என்றும் எழுதினார். ஆளுயரப் பெருக்கிகளின் முன் மக்கள் ஏன் விரும்பிப் போய் நிற்கிறார்கள் என்பதை இந்த விளக்கம் ஓரளவு தெளிவாக்குகிறது. ஆனால் ஓர் ஆல்பம் ஏன் இன்னொன்றைவிட மேலானது என்பதற்கு இதில் விடையில்லை, ஏனெனில் நல்ல இடி, மோசமான இடி என்று எவரும் மதிப்பெண் இடுவதில்லை. (கலையனுபவத்திற்கு நாவின் சொல்லான 'சுவை'யை ஆள்வது தமிழிலும் ஐரோப்பிய மொழிகளிலும் பொதுவான வழக்கு. தொல்காப்பியம் ஓர் இயலுக்கே பெயராக்கியிருக்கும் 'மெய்ப்பாடு', அதாவது உள்ளத்து நிகழ்வு உடம்பில் புலப்படுவது என்னும் சொல், தலையை முன்னும் பின்னும் உலுக்கிக் கேட்கப்படும் இந்த இசைக்கு இன்னும் நன்றாகவே பொருந்தியிருக்கும்.)

மற்றொன்று மெய்யியலாளர் டேவிட் ஹியூமின், சுவைக்கான அளவுகோல் பற்றிய கட்டுரை. செர்வாண்டிஸின் 'டான் கிஹோட்டே' நாவலில் வரும் ஒரு கதையை ஹியூம் அதில் எடுத்தாள்கிறார். பீப்பாயில் இருந்த மதுவைச் சுவைத்துச் சொல்லும்படி உறவினர் இருவரிடம் கேட்கப்படுகிறது; ஒருவர் மது நன்றுதான், ஆனால் சற்றே தோல் வாடை அடிக்கிறது என்கிறார், மற்றவர் நன்றுதான், ஆனால் இரும்பின் வாடை இருக்கிறது என்கிறார். சுற்றியிருந்தவர்கள் இருவரையும் எள்ளி நகைக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது, அதன் அடியில் தோல்வாரில் கோத்த பழைய சாவியொன்று கிடக்கிறது. சுவை மனத்தில் எழுவதுதான் என்றாலும், அதை எழுப்பும் ஏதோ ஒன்று பொருளில் இருக்கிறது, நுண்ணிய நாக்கு அதைக் கண்டுகொள்கிறது என்பதே ஹியூம் இதிலிருந்து பெறும் கருத்து. நுண்ணுணர்வு, நீண்ட பயிற்சி, பலவற்றோடு ஒப்பிட்ட அனுபவம், முன்முடிவின்மை, தெளிந்த அறிவு ஆகியவை கூடியவரே மெய்யான நடுவர் என்றும், அத்தகையோரின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்றும் அவர் முடிக்கிறார்.

மெட்டல் இசை வரலாற்றில் இந்தச் சாவி ஏறக்குறைய அப்படியே அகப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னடிக்' 2008 செப்டம்பர் 12 அன்று வெளியானது. பாடல்கள் பழைய வேகத்துக்குத் திரும்பியதில் ரசிகர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் கேட்கக் கேட்கக் காது சோர்வதாகவும், டிரம்ஸ் விழும் இடங்களில் ஏதோ நொறுங்குவதாகவும் அவர்களில் பலர் குறைகூறினர். மெட்டல் என்றாலே நொறுங்கத்தானே செய்யும் என்று கேட்பது வெளியாருக்கு எளிது. அதே பாடல்கள் 'கித்தார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்காகவும் தரப்பட்டிருந்தன. ரசிகர்கள் இரண்டு வடிவங்களையும் கணினியில் அருகருகே விரித்துப் பார்த்தனர். விளையாட்டில் இருந்த வடிவத்தின் ஒலிக்கோடு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கியது. குறுந்தகட்டின் ஒலிக்கோடோ மேலும் கீழும் தட்டையாக வெட்டப்பட்டு, ஒலிப்பொறியாளர்கள் சொல்வதுபோல, செங்கல் சுவராக நின்றது. ஆல்பம் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்காக மெல்லிய பகுதிகளையும் உச்ச அளவுக்கு உயர்த்தும்போது, ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் அடிகளின் முனை கொள்ளளவை மீறி அறுபடுகிறது. ரசிகர்கள் கேட்ட நொறுங்கல் அந்த அறுபட்ட முனைகளின் ஒலி. இறுதி மெருகேற்றிய பொறியாளரும், தம்மிடம் வந்து சேரும்போதே ஒலிக்கலவை அந்த நிலையில்தான் இருந்தது என்று தெரிவித்தார். ஹியூமின் கதையில் பீப்பாயைக் காலி செய்தவர்கள் வேறு யாரோ. இங்கு சுவைத்தவர்களே அதைக் கவிழ்த்துச் சாவியை எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் எல்லா வழக்குகளிலும் சாவி கிடைத்துவிடுவதில்லை. பர்மிங்காம் நகரின் பிளாக் சப்பாத் குழு தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பத்தை 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்டபோது, அதைப் பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் பலர் ஏளனம் செய்தனர். 'ரோலிங் ஸ்டோன்' இதழுக்கு அது கிரீம் என்னும் முந்தைய குழுவின் மட்டமான நகலாகத் தெரிந்தது. அந்த விமர்சகர்களின் காது மந்தமானது என்று சொல்லிவிட முடியாது. கித்தார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத்தகடு ஆலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தோல் ஒட்டிய உறைகளை அணிந்து வாசித்தவர். விரைந்தோடும் சரளத்தை நாடியவர்களுக்கு அந்தக் கனத்த, மெதுவான ரிஃப்கள் தடுமாற்றமாகவே தோன்றியிருக்கும். ஆல்பத்தின் முதல் பாடலைத் தாங்குவது மூன்றே சுரங்கள்: ஒரு கீழ்ச்சுரம், அதன் மேல்ஸ்தாயிச் சுரம், பின்பு கீழ்ச்சுரத்திலிருந்து ட்ரைடோன் தொலைவில், அதாவது சட்ஜத்திலிருந்து பிரதிமத்தியமம் வரை உள்ள இடைவெளியில், அசைந்து நிற்கும் ஒரு சுரம். அமெரிக்க மெய்யியலாளர் கெண்டல் வால்டன், கலைப்படைப்பின் வகைகள் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் அதே 1970-இல்தான். ஒரு படைப்பில் எது குறை, எது நிறை என்பது அதை எந்த வகையில் வைத்துக் காண்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றும், அந்த வகைகளிலும் சரியானது, தவறானது என்ற வேறுபாடு உண்டு என்றும் அவர் வாதிட்டார். ப்ளூஸ் ராக் என்று கேட்டால் அந்த மூன்று சுரங்கள் வெறுமை; அன்று இன்னும் உருப்பெறாத ஒரு வகையின் தொடக்கம் என்று கேட்டால் அதே வெறுமைதான் கனம். விமர்சகர்கள் ஒலியைத் தவறாகக் கேட்கவில்லை, வகையைத் தவறாகக் கொண்டார்கள்; வகையை உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆல்பத்தைப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் எட்டாம் இடத்துக்குக் கொண்டுசென்ற ரசிகர்கள். நார்வேயின் டார்க்த்ரோன் குழு நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட எளிய கருவியில் பதிவுசெய்து 1994-இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் மெலிந்த, பனி படர்ந்தாற்போன்ற ஒலியையும் இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். வேறெந்த வகையிலும் பழுதாகக் கருதப்படும் அந்த ஒலி, அக்குழுவின் வகையான பிளாக் மெட்டலில் அளவுகோலாகவே ஆகிவிட்டது.

இனி மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். 1790-இல் வெளிவந்த நூலில் அவர், 'இனியது' என்பதையும் 'அழகியது' என்பதையும் பிரிக்கிறார். கேனரித் தீவுகளின் மதுவை இனியது என்பவரிடம் 'உமக்கு இனியது என்று சொல்லும்' என்று ஒருவர் திருத்தினால், அவர் அதை மறுப்பின்றி ஏற்பார். அழகியது என்பவர் ஏற்கமாட்டார், ஏனெனில் அவர் எல்லோருக்குமாகப் பேசுகிறார். ஆயினும் அதைச் சான்றுகளால் நிறுவ இயலாது. சுவை பற்றி நிறுவல் இல்லை, வழக்கு உண்டு என்பதே காண்ட் வந்து சேரும் நிலை. மெட்டாலிக்காவின் 2003-ஆம் ஆண்டு ஆல்பமான 'செயின்ட் ஆங்கர்' இதற்குத் தக்க சான்று. ஸ்னேர் டிரம்மின் அடிப்பக்கத்தில் இழுத்துக் கட்டப்பட்டு அடிக்கும்போது சரசரக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டே அதில் வாசித்தார்கள். எனவே ஒவ்வோர் அடியும் வெறும் தகர டப்பாவைத் தட்டியதுபோல் 'டங்' என்று ஒலித்தது. இங்கு மறைந்து கிடக்கும் சாவி ஏதுமில்லை. வேண்டுமென்றே செய்ததாகக் குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். வெறுப்பவரும் விரும்பும் சிலரும் கேட்பது ஒரே 'டங்'. சீர்குலைந்துகொண்டிருந்த ஒரு குழுவின் நேர்மையான ஒலி அது என்று ஒருவர் வாதிடலாம், நேர்மையாகக் கெட்டுப்போன ஒலி என்று மற்றவர் மறுக்கலாம். இவருடைய காதை அவரும், அவருடைய காதை இவரும் தம் பக்கம் திருப்ப முயல்வதைத் தவிர வேறு வழியில்லை.

காண்ட் வைக்கும் மற்றொரு நிபந்தனையில்தான் மெட்டல் ரசிகர் தவறிவிடுவதாகத் தோன்றும். அழகைத் தீர்மானிப்பவர் அந்தப் பொருளின் இருப்பில் எந்த நாட்டமும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்கிறார் அவர். ஹியூம் கேட்கும் முன்முடிவின்மையும் இதற்கு உறவானதே. இந்த ரசிகர்களின் சொல்வழக்கோ சமயத்தின் சொல்வழக்கு: உண்மையானவர், போலி, துரோகம், திரும்பி வந்தார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1984-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்புக்கே 'நம்பிக்கையின் காவலர்கள்' என்று பொருள். இரண்டே ஆண்டுகளில் அதே குழு 'டர்போ' ஆல்பத்தில் கித்தார் சின்தசைசரைக் கொண்டுவந்தபோது, காவலர்களே மதம் மாறிவிட்டதாகப் பலர் கொதித்தெழுந்தனர். ஸ்வீடனின் ஓபெத் குழு, தன் அடையாளமாயிருந்த அடித்தொண்டை உறுமலை 2008-க்குப் பிந்தைய ஆல்பங்களில் கைவிட்டது. 2024 நவம்பரில் வெளிவந்த ஆல்பத்தில் உறுமல் மீண்டபோது, பாடல்களின் அமைப்பைவிட அந்த மீட்சியே முதலில் பேசப்பட்டது. புனிதம் என்பது பொருளின் இயல்பன்று, ஒரு கூட்டம் தன்னைத் தானாக வைத்துக்கொள்ள எழுப்பும் வேலி என்று 1912-இல் எழுதிய சமூகவியலாளர் எமில் துர்கைம், இதைக் கண்டு வியந்திருக்க மாட்டார். இத்தகைய தீர்ப்பில் கேட்கப்படுவது ஆல்பமன்று, உறுப்பினர் அட்டை. மாறினால் துரோகம் என்று ஒரு குழுவையும், மாறவே இல்லை, ஒரே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று ஏசி/டிசி என்னும் குழுவையும் ஒரே வாயால் குறைசொல்ல முடிகிறதென்றால், அங்கு அளவுகோல் எதுவும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இருந்தும், பற்று தீர்ப்பைக் கெடுக்கிறது என்று இதோடு நிறுத்துவது பாதி உண்மையே. மெட்டாலிக்காவின் 1988-ஆம் ஆண்டு ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கலவையில் பேஸ் கித்தார் ஏறத்தாழக் கேட்பதே இல்லை. அதன் பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் புதியவர். அவருக்கு முன்பிருந்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில் இறந்தார். நாட்டமற்ற ஒருவருக்கு அந்த ஆல்பம் வறண்ட, மிகக் கூர்மையான இசையாக மட்டும் கேட்கும். அங்கே ஒன்று இல்லை என்பது அவருக்குப் படாது, ஏனெனில் அவர் எதையும் தேடவில்லை. முந்தைய ஆல்பங்களைத் தேயத் தேயக் கேட்டவருக்கே கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் இடையில் உள்ள பள்ளம் கேட்கிறது. அந்தப் பள்ளத்தில் இறந்தவரின் இடமும் சேர்ந்தே கேட்கிறது. அது ஒலியில் உள்ளதா, கேட்பவரின் நினைவில் உள்ளதா என்று பிரித்துக் காட்டுவது கடினம். ஹியூம் விரும்பிய பயிற்சியும் ஒப்பீடும் பற்றின் வழியாக அல்லாமல் எவருக்கும் வந்து வாய்ப்பதில்லை. அவர் அஞ்சிய முன்முடிவும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. ஐந்து தகுதிகளையும் பட்டியலிட்ட அவர், அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று அரித்துக்கொண்டே வளரும் என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பேஸை உயர்த்தியும் புதிதாகச் சேர்த்தும் ரசிகர்கள் தாமே அந்த 1988 ஆல்பத்தைத் திருத்தி, தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். 2018-இல் குழு அதை மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது கலவையில் கை வைக்கவில்லை. பேஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. திருத்திய வடிவம் நிறைவாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே, முப்பது ஆண்டுகளாகக் குறைகூறிவந்த அந்த வறண்ட ஒலிக்குத் திரும்பிச் சென்றவர்களும் ரசிகர்களில் உண்டு.