கண்கொடையும் மறுபிறப்பும்

இறந்தபின் கண்ணைப் பிறர்க்கு ஈந்தோர் மறுபிறப்பிற் கண்ணின்றிப் பிறப்பரென்று அஞ்சுவார் சைவருள்ளும் உளர். அவ்வச்சம் சித்தாந்தத்திற்கு ஒக்குமா என ஈண்டு ஆராய்வாம்.

உயிர் உடன்கொண்டு செல்வது சூக்கும உடலையேயன்றித் தூல உடலையன்று. தூலம் பூதங்களின் கூட்டம். எரிப்பினும் புதைப்பினும் பூதங்களிலேயே ஒடுங்கும். வருபிறப்பிற்குரிய உடம்பை வினைக்கீடாக மாயையினின்றும் கூட்டுவோன் இறைவன். உடல் முழுதும் எரியுண்டோர் உடலின்றிப் பிறவாமையின், கண் கொடுத்தோர் கண்ணின்றிப் பிறப்பரென்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இனி, குருடு வினைப்பயனாதலின் அதனை நீக்கல் தகாதென்பாரும் உளர். அங்ஙனமாயின் பசியும் வினைப்பயனே. மடங்களில் நிகழும் அன்னம்பாலிப்பும் குற்றமாய் முடியும். வினை கழியுங்காலத்து அதனை நீக்குதற்குப் பிறர் கையையும் இறைவன் கருவியாகக் கொள்வானென்க.

1905-ஆம் ஆண்டில் ஒலமோத்சு நகரில் எடுவர்டு சிர்ம் என்னும் மருத்துவர், ஒருவர் விழியின் முன்னுள்ள தெளிந்த படலத்தை மற்றொருவர்க்குப் பொருத்திப் பார்வை தந்தார். அப்படலம் பழுதுற்றார்க்கே இக்கொடை பயன்படும். இறந்து 6 மணி நேரத்துள் கண்ணை எடுத்தல் வேண்டும். அழுகைக்கிடையே சுற்றத்தார் இதனை நினைத்தல் அரிது. ஆதலின் உயிருள்ளபோதே மக்கட்கு அறிவித்து வைத்தல் நம் கடனாம்.

இதனைக் கண்ணப்பர் கொடையோடு ஒப்பிடுதல் கூடாது. அவர் அளித்தது காணுங் கண். நாம் அளிப்பது நெருப்பிற்குரிய கண். ஆகவே இக்கொடையிற் செருக்குதற்கு இடமில்லை. இதனை மறுத்தற்கும் இடமில்லை.